படத்தில் திறந்த மடை

தென்காசியில் ஒரு தகரக் கொட்டகைத் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். பெஞ்சு முழுக்க ஒரே ஊர் ஜனம். ஆய்க்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு ஊர். பெயரை எழுத மாட்டேன், அவர்கள் பேரன் பேத்திகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஆறு மாட்டுவண்டி கட்டி வந்திருந்தார்கள். பெண்கள் தலையில் பிச்சிப்பூ. கடலைப் பொட்டலம் கை மாறிக்கொண்டே இருந்தது.

அவர்கள் கதைப் படம் பார்க்க வரவில்லை. கதைப் படத்துக்கு முன்னால் பத்து நிமிசம் அரசாங்கப் படம் ஒன்று போடுவார்களே, அதைப் பார்க்க வந்தார்கள். அணை, தறி, அம்மை ஊசி, கோழி வளர்ப்பு என்று என்னமாவது ஓடும். மற்ற நாளில் அது ஓடும்போது பாதிப் பேர் வெளியே நின்று பீடி குடிப்பார்கள். அன்றைக்கு ஒருத்தரும் எழுந்திரிக்கவில்லை. திரையில் வரப்போவது அவர்கள் ஊர்.

அந்தப் படம் எடுத்த ஆட்களை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். ஆகையால் முதல் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் குற்றாலத்து அருவி விழுந்தது. அப்புறம் சிற்றாறு. அப்புறம் அவர்கள் குளம்.

“ஏலே, நம்ம குளம்லா அது.”

“அந்தா எங்க மாடு. செவலை, செவலை.”

கைதட்டி ஓயவில்லை. அடுத்து வெடித்துக் கிடக்கிற வயல் ஒன்று வந்தது. வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியோடு மூன்று பெண்கள் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். அடுத்து ஒரு ஆள் குளத்து மடையில் குனிந்து பலகையைத் தூக்கினார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. பச்சைப் பயிர் ஆடியது.

கைதட்டல் நின்றுவிட்டது.

பின்னால் ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: “தொறக்கது மேற்கு மடைலா.”

திரும்பிப் பார்த்தேன். எல்லா முகத்திலும் திரை வெளிச்சம் விழுந்திருந்தது. ஒருத்தர் கையும் கடலைப் பொட்டலத்துக்குப் போகவில்லை.

நான் அப்போது யார் என்றால்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் பிழை திருத்தி எழுதுகிறாள். ஆனால் புளியறை வழியாக மலையேறுகிற லாரியில் கிளீனராகத் தொத்திக்கொண்டு, இருபது வயதுக்குள் எல்லா வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தெரிந்தவன். குற்றாலத்தில் சொந்தமாக வேன் நிறுத்தியபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. சீசனுக்கு வருகிற பெரிய மனிதர்கள் என் வேன் இல்லையென்றால் மறுநாள் வரைக்கும் காத்திருப்பார்கள். இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

அப்படி ஒரு சாரல் காலத்தில்தான் மெட்ராசிலிருந்து படம் எடுக்கிற நாலு பேர் வந்து இறங்கினார்கள். மலையில் விழுகிற மழை வயலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று ஒரு படம். டைரக்டர் ஒல்லியான ஆள். தொப்பி போட்டிருந்தார். சாப்பாட்டில் காரம் ஆகாது.

அசையாத அருவிக்கரை

முதல் நாள் அருவிக்கரையில் கேமராவை மூன்று கால் கட்டையில் நிறுத்தினார்கள். அவ்வளவுதான். குளித்துக்கொண்டிருந்த ஜனம் முழுதும் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. துண்டால் துடைத்து, தலை வாரி, குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால் என்று மூன்று வரிசையாக நின்றுவிட்டது. எண்ணெய் தேய்க்கிறவர் ஒருத்தர் ஆள் தலைமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்த ஆளும் கண்ணைத் திறந்தபடி எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அப்போது கேமரா என்றால் ஸ்டூடியோ போட்டோதான். மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும்.

“இது ஓடுற படங்க. அசையுங்க, குளிங்க” என்று டைரக்டர் கெஞ்சினார்.

எண்ணெய்க்காரர் உதட்டை அசைக்காமலே கேட்டார்: “அசைஞ்சா அழிஞ்சு போவாதா?”

நான்தான் வழி கண்டுபிடித்தேன். இடத்தை விட்டு நகராமல் நிற்கும்படி கேமரா ஆளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, “படம் எடுத்து முடிஞ்சாச்சு, எல்லாரும் போய்க் குளிங்கப்பா” என்று ஒரு சத்தம் கொடுத்தேன். ஜனம் கலகலவென்று தண்ணீருக்குள் இறங்கியது. கேமரா ஓடியது. அதிலிருந்து டைரக்டர் எதற்கும் “டிரைவர் என்ன சொல்றார்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு மனிதனுக்குத் தலை கனப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு மணி நேரம் பொறுங்கள்

குளமும் வயலும் வேண்டும் என்றபோது நான்தான் அந்த ஊரைக் காட்டினேன்.

அந்த ஊர்க் குளத்துக்கு இரண்டு மடை. கிழக்கு மடை கிழக்கு வயலுக்கு, மேற்கு மடை மேற்கு வயலுக்கு. தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு கிழக்கு. திங்கள், செவ்வாய், புதன் மேற்கு. வியாழக்கிழமை இரண்டும் அடைப்பு. முறை நாளில் சூரியன் கிளம்பும்போது மடை திறந்தாக வேண்டும். அதைச் செய்கிறவருக்கு நீர்பாய்ச்சி என்று பெயர். மடைப் பலகையைத் தூக்குகிற இரும்புக் கம்பி அவர் வீட்டில்தான் இருக்கும். வேறு யாரும் தொடக்கூடாது.

அப்போது நீர்பாய்ச்சி சுடலைமுத்து அண்ணாச்சி. ஐம்பது வயதிருக்கும். அவர் அப்பா, தாத்தா எல்லாம் அதே கம்பியைப் பிடித்தவர்கள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

மேற்கு முறையில் ஒரு நாள், அவர் மேற்கு மடை திறப்பதையும் தண்ணீர் வயலுக்குப் போவதையும் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. அப்புறம் டைரக்டர், “தண்ணீர் இல்லாத வயலும் ஒண்ணு வேணுமே டிரைவர்” என்றார்.

யோசனை என்னுடையது. வெள்ளிக்கிழமை காலையில் கிழக்கே போனால், நாலு நாள் தண்ணீர் காணாத வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், பெண்கள் மண்வெட்டியோடு வாய்க்காலில் காத்து நிற்பார்கள் என்று சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் விடிந்தும் விடியாமல் இருக்கிற வெளிச்சம் கேமராவுக்குப் போதாதாம். வெயில் ஏறினால்தான் வெடிப்பு தெரியுமாம். அதற்குள் மடை திறந்துவிட்டால் மண் நனைந்துவிடும்.

நான் குளக்கரைக்கு ஓடினேன். சுடலைமுத்து அண்ணாச்சி கம்பியோடு கிழக்கு மடையில் நின்றார்.

“அண்ணாச்சி, ஒரு மணி நேரம் பொறுத்துத் தொறங்க. மண்ணு நனைஞ்சா படம் போச்சு.”

“ஒரு மணி நேரமா?”

“ஊருக்குப் பெருமைலா. சர்க்கார் படம்.”

அவர் குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கம்பியை மடியில் போட்டுக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அங்கே வாய்க்காலில் பெண்கள் வெயிலில் நின்றார்கள். சாரல் குறைவு, தண்ணீர் மெல்ல வருகிறது என்று நினைத்திருப்பார்கள். படம் நன்றாக வந்தது. அன்று சாயங்காலம் குற்றாலத்துக் காப்பிக் கடையில் இதை என் சாமர்த்தியமாகப் பத்துப் பேருக்குச் சொன்னேன்.

அந்த வருசம் சாரல் பாதியில் நின்றுவிட்டது. மேற்கு பள்ளம், அதனால் அரை வெள்ளாமை வந்தது. கிழக்கு மேடு, கருகிவிட்டது. ஏன் நமக்கு மட்டும் இப்படி என்று கிழக்கு வயல்காரர்கள் ஒரு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நம் பெண்கள் வெள்ளிக்கிழமை தண்ணீருக்கு நிற்கிறார்கள், சுடலைமுத்து மேற்கு மடையைத் திறந்துவிடுகிறான். கண்ணால் பார்த்தாயிற்று.

சினிமாக்காரருக்கு வயல் என்றால் வயல்தான். ஒரு வயலைக் காய்ந்தது என்று காட்டி இன்னொரு வயலைப் பச்சை என்று காட்டினால் கணக்கு முடிந்தது. அந்த ஊர்க்காரனுக்கு ஒவ்வொரு வரப்பும் பெயர் சொல்லும்.

கோயில் வாசலில் கம்பி

புதன்கிழமை சுடலைமுத்து அண்ணாச்சியின் சம்சாரம் குற்றாலத்துக்கு வந்தார்கள். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“டிரைவர் தம்பி, நாளைக்குக் கூட்டம் போடுதாவ. கம்பிய வாங்கப் போறாவளாம். நீங்கதான அந்த ஆளுவளக் கூட்டிட்டு வந்தீய. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அண்ணாச்சி என்ன சொல்லுதாவ?”

“அவுக என்னைக்குப் பேசினாவ?”

போனேன். கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. கிழக்கு வயல்காரர்களில் பெரியவர் ஆறுமுக அண்ணாச்சி. நல்ல மனிதர், ஆனால் கருகின வயல் மனிதனை எப்படிப் பேச வைக்கும் என்று தெரிந்ததுதானே.

நான் எழுந்து விவரம் சொன்னேன். முந்தி எடுத்ததைப் பிந்தி வைப்பார்கள், பிந்தி எடுத்ததை முந்தி வைப்பார்கள், பிலிமைக் கத்தரித்து ஒட்டுவார்கள் என்றேன்.

“கத்தரிச்சு ஒட்ட அது என்னவே, சட்டைத் துணியா?” என்றார் ஆறுமுக அண்ணாச்சி. நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார்.

“படம் கிடக்கட்டும். நீ வெள்ளிக்கிழம மேற்க தொறந்தியா?”

“இல்ல.”

“அந்த வெள்ளிக்கிழம எங்களுக்குத் தண்ணி பிந்தி வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு.”

“ஏன்?”

அவர் பேசவில்லை. கூட்டம் காத்திருந்தது. பதில் எனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. பத்து ஊரில் டிரைவர் அண்ணாச்சி என்று பெயர் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. கல்யாண வண்டி, ஆஸ்பத்திரி வண்டி எல்லாம் அந்த ஊருக்கு என்னுடையதுதான்.

அவர் பேசாததே தீர்ப்பாகிவிட்டது. கம்பியை அவரே கொண்டுவந்து கோயில் வாசல் நடையில் வைத்தார்.

அப்போதுதான் நான் சொன்னேன்: “படத்த இன்னொரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நான் போட்டுக் காட்டுதேன்.” சொன்னது வீறாப்புதான். இன்னொரு தடவை பார்த்தால் என்ன மாறும் என்று எனக்கே தெரியாது.

“படப்பெட்டி நாளைக்கு ரயிலேறிரும்லா?” என்றார் ஒருத்தர்.

“என் வேன் வராம எந்தப் பெட்டியும் ரயிலேறாது” என்றேன். அது மட்டும் நிஜம். தியேட்டருக்கு வருகிற, போகிற படப்பெட்டி எல்லாம் ஸ்டேஷனுக்கு என் வேனில்தான் போகும்.

பேச்சியம்மாளின் கோழிப்பெட்டி

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இரண்டு நடையாக இருபது பேரை ஏற்றிக்கொண்டு வந்தேன். கம்பி கோயில் வாசலில் கிடந்தது. கிழக்கு முறை நாள். மடை திறக்க ஆளில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியும் வந்தார், ஆனால் தியேட்டருக்குள் வரவில்லை. வெளியே வேன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கடைசியாக ஏறினது பேச்சியம்மாள். கிழக்கு வயலின் கடைசித் துண்டு அவளுடையது. தனி மனுஷி. படத்தில் வெடித்த வயலில் நிற்கிற மூன்று பெண்களில் நடுவில் நிற்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் இடமில்லாமல் அவளை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“களை எடுக்கலையா நீ?” என்று யாரோ கேட்டதற்கு, “தண்ணி வராத வயல்ல எனக்கென்ன வேல? எம் மூஞ்சி எப்படி வந்திருக்குன்னு பாத்துட்டுப் போறேன்” என்றாள்.

மெஷின் ஓட்டுகிறவர் காதர் பாய். என் சிநேகிதர். மடை வருகிற இடத்தில் நிறுத்திக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

“நிறுத்துனா சூட்டுல பிலிம் பொசுங்கிரும். ஓட்டிக் காட்டுதேன். எத்தன தடவ வேணும்னாலும் ஓட்டுதேன், பத்து மணி ரயிலுக்குள்ள.”

முதல் தடவை ஓடியது. நான் திரை பக்கத்தில் நின்று குச்சியால் காட்டி, இது செவ்வாய், இது வெள்ளி என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் அந்த மடையையே பார்த்தார்கள்.

இரண்டாவது தடவை ஓடி முடிந்ததும் பேச்சியம்மாள் எழுந்தாள்.

“இன்னொருக்க ஓடச் சொல்லுங்க.”

“ஒம் மூஞ்சி போதாதாட்டி?” என்றார் ஆறுமுக அண்ணாச்சி.

“ஓடச் சொல்லுங்கண்ணேன்.”

மூன்றாவது தடவை. வெடித்த வயலில் அவள் மண்வெட்டியோடு நின்றாள். அது மறைந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி மேற்கு மடையில் குனிந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், தூரத்தில், கரை மேல் ஆட்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனித்ததே கிடையாது.

“அந்தா, ஓலைப்பெட்டிய தலைல வச்சிட்டுப் போறது நான்தான்” என்றாள் பேச்சியம்மாள்.

“எப்படிச் சொல்லுத?”

“எஞ் சேல எனக்குத் தெரியாதா? பெட்டிக்குள்ள சேவல் இருக்கு. தலைய வெளிய நீட்டுது பாருங்க. இப்பத்தான் வயல்ல நின்னேன். அதுக்குள்ள கரையில எப்படிப் போவேன்? நான் என்ன ரெண்டு பேரா?”

இருட்டில் யாரோ சிரித்தார்கள்.

“சேவல் கொண்டு எங்க போன?” என்று ஆறுமுக அண்ணாச்சி கேட்டார். குரல் மாறியிருந்தது.

“சந்தைக்கு. பின்னால போறவங்களையும் பாருங்க, எல்லாரு தலைலயும் சொமை. பக்கத்தூருச் சந்த என்னைக்கு? செவ்வாக்கிழம. செவ்வாக்கிழம யாரு முறை? மேற்கு முறை. அவுக சரியாத்தான் தொறந்திருக்காவ.”

கதவைத் திறந்தார்கள். வெளிச்சம் உள்ளே வந்தது. கருகினது அவள் வயலும்தான். அவள் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மடை என் கையில்

எல்லோரும் வெளியே வந்து வேனைச் சுற்றி நின்றார்கள். ஆறுமுக அண்ணாச்சி சுடலைமுத்து அண்ணாச்சியின் எதிரே போய் நின்றார்.

“தப்பாப் பேசிட்டோம். கம்பிய எடுத்துக்கிடு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். “ஆனா தண்ணி பிந்தி வந்தது நெசம். அத மட்டும் சொல்லீரு. நீ சொல்லலைன்னா இந்தப் பேச்சு தீராது.”

வேனில் படப்பெட்டி ஏற்ற ஆள் வந்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பேச்சியம்மாள் என் எதிரே நின்றதாலும் இருக்கலாம்.

“நான்தான் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னேன்” என்றேன். “வயல் காஞ்சிருக்கத எடுக்கணும்னு. அந்த யோசனையே என்னுது.”

சுடலைமுத்து அண்ணாச்சி பேசினார். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

“அவரு கேட்டாரு. கேக்கதுக்கு யாருக்கும் வாயிருக்கு. மடை எங் கையிலலா இருந்துச்சு. தொறக்காம உக்காந்தது நான். அவர் பேரச் சொன்னா அது தீந்துருமா?”

மேற்கு வயல்காரர் ஒருத்தர் கனைத்தார். “எங்க திங்கக்கிழமைல ஒரு மணி நேரத்த நீங்க எடுத்துக்கிடுங்க. படத்துல பச்சையா வந்தது எங்க வயல்தான.”

ஆறுமுக அண்ணாச்சி தலையை ஆட்டினார். போன வருசத்து ஒரு மணி நேரத்தை இந்த வருசம் திருப்பிக் கொடுப்பது என்று அங்கேயே, தியேட்டர் வாசலில், முடிவாகிவிட்டது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“நீரு வாட்ச் கட்டியிருக்கீரு. திங்கக்கிழம வந்து மடைல உக்காந்து பாத்துச் சொல்லும்.”

திங்கட்கிழமை விடியும்போது கிழக்கு மடைக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். சூரியன் எட்டிப் பார்த்ததும் நேரம் குறித்துக்கொண்டேன். கால் மணி வரைக்கும் வாட்சைத்தான் பார்த்தேன். அப்புறம் தண்ணீரைப் பார்த்தேன். வாய்க்காலில் நிதானமாகப் போகிறது. ஒரு வயல் நிரம்பி வாய் அடைத்தால்தான் அடுத்த வயலுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறம் மாறிக்கொண்டே போனது. லாரியில் ஒரு மணி நேரம் என்றால் எனக்கு மலையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம். இங்கே ஒரு மணி நேரம் என்றால் எத்தனை வீட்டுச் சோறு என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் பேச்சியம்மாள் வயலில் தண்ணீர் நுழைந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வயல் வாயை வெட்டிவிடுவது கரையிலிருந்தே தெரிந்தது. பாதி வயல் கறுத்தது. பாதி வெளுப்பாகவே இருந்தது.

“அண்ணாச்சி, ஒரு மணி ஆச்சு” என்றேன்.

அவர் கம்பியை மாட்டினார்.

“அவளுக்குப் பாதிதான் நனைஞ்சிருக்கு. இன்னும் அஞ்சு நிமிசம் விட்டா என்ன? வாட்ச் எங்கிட்டதான இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். போன வருசம் பார்த்த அதே பார்வை. ஆனால் இந்தத் தடவை உட்காரவில்லை.

“மேற்க ஆளு நிக்கும்லா டிரைவரே” என்றார். பலகையை இறக்கிவிட்டு, கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, கரை மேலாக மேற்கு மடைக்கு நடந்தார்.